நான்கு வருஷம் கழித்து யார் தூர் வாருவது?

ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் தண்ணீர். ஐதராபாத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில், சங்கர்பள்ளி மண்டலத்தில் உள்ள கொத்தப்பள்ளியில் வருஷத்துக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டர் பெய்கிறது. கணக்குப்படி தண்ணீருக்குத் தவிக்கக் கூடாத ஊர். ஆனால் 1990களின் கடைசியில் அங்கே பல கிணறுகள் வறண்டு கிடந்தன. பெய்த மழை நிலத்தில் இறங்காமல், கரிசல் மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடையோடு போனது.

1999இல் ஐதராபாத்தின் பெரிய நிறுவனங்கள் சில அந்த ஊருக்குள் நுழைந்தன. படான்செருவின் சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட், சந்தோஷ்நகரில் உள்ள மத்திய மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான கிரிடா, அன்றைய தேசியத் தொலையுணர்வு முகமை, மாவட்ட வறட்சிப் பகுதித் திட்ட அலுவலகம், தொண்டு நிறுவனமான எம்.வி. பவுண்டேஷன். 465 ஹெக்டேர் நீர்வடிப்பகுதிக்குச் செயற்கைக்கோள் படம் கிடைத்தது. படம் வரப்பு போடாது. அதற்கு ஆட்கள் நடக்க வேண்டும்.

மண், நீர்ப் பாதுகாப்பில் களப் பணியாளரின் வேலை பாதி மட்டம் பார்ப்பது, பாதி பஞ்சாயத்து. மேட்டு நிலத்துக்காரர் வரப்புக்கு இடம் விட வேண்டும். தண்ணீர் ஊறுவதோ பள்ளத்து நிலத்துக்காரர் கிணற்றில். “என் நிலத்தை ஏன் விடணும்?” என்ற கேள்விக்கு எந்தக் கையேட்டிலும் பதில் இல்லை. திரும்பத் திரும்பப் போய், திண்ணையில் உட்கார்ந்து, இருவரையும் பேச வைப்பவர்தான் தடுப்பணையைக் கட்டுகிறார். கொத்தனார் அதற்குப் பிறகுதான் வருகிறார்.

கொத்தப்பள்ளியில் தடுப்பணைகள், சிறு கசிவுநீர்க் குட்டைகள், ஓடை அடைப்புகள் எழுந்தன. ஓடைத் தண்ணீரை வறண்ட கிணறுகளுக்குத் திருப்பினார்கள். வரப்பில் கிளைரிசிடியா நட்டார்கள். வேர் மண்ணைப் பிடிக்கும், தழை உரமாகும். சொந்த நிலத்துக்கான இடுபொருள் இலவசமாகக் கிடைக்கவில்லை. விவசாயி தன் காசைப் போட்டார். கிணற்று நீர்மட்டம் விடாமல் அளக்கப்பட்டது. மட்டம் ஏறியது. மக்காச்சோள விளைச்சல் இரண்டு மடங்கானது. வெளிநாட்டவரும் வந்து பார்க்கும் ஊரானது கொத்தப்பள்ளி.

இத்தனை நிறுவனங்கள் எல்லா ஊருக்கும் வாய்க்குமா? வாய்க்காது.

நாட்டின் மற்ற ஊர்களுக்குக் கிடைத்தது ஒரு வழிகாட்டு நெறிதான். ஐதராபாத்தின் பொருளாதார அறிஞர் சி.எச். அனுமந்த ராவ் தலைமையிலான குழு 1994இல் தந்த அறிக்கையின் அடிப்படையில் அது 1995 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அன்றைய அந்த நெறிப்படி ஒரு நீர்வடிப்பகுதிக்குச் சுமார் 500 ஹெக்டேர், ஹெக்டேருக்கு 4,000 ரூபாய், நான்கு வருஷம். வேளாண்மை, பொறியியல், கால்நடை, சமூகப் பணி என வெவ்வேறு துறை தெரிந்த நான்கு பேர் கொண்ட குழு. திட்டம் முடிந்த பிறகு பராமரிக்க, பயனாளிகள் பங்களிப்பில் ஒரு நிதி. காகிதத்தில் குறையில்லை.

ஐந்தாவது வருஷம் அந்த நான்கு பேரும் வேறு ஊரில் இருப்பார்கள். பராமரிப்பு நிதி வங்கியில் இருக்கலாம். ஆனால் தடுப்பணையில் வண்டல் ஏறிவிட்டதா, எந்த மழையில் வரப்பு உடைந்தது என்று போய்ப் பார்க்கச் சம்பளம் வாங்கும் ஆள் ஊரில் இல்லை.

முன்பு இருந்தார். தமிழ்நாட்டுக் கிராமத்து நீர்க்கட்டியைப் போலத் தெலங்கானா ஏரிகளுக்கு நீரடி. மதகு திறப்பது, வயலுக்கு முறை வைப்பது, கரையில் ஓட்டை விழுந்தால் ஊரைக் கூட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. பின்னாளில் அவர் வருவாய்த் துறையின் கிராம உதவியாளர் ஆனார். ஏரிக்கரையைவிட அலுவலக வேலை கூடியது. 2023இல் அந்த உதவியாளர் முறையையே கலைத்து, ஊழியர்களைப் பல துறைகளுக்குப் பிரித்தது மாநில அரசு. அதற்கு முன்பே, 2015இல் தொடங்கிய மிஷன் காகதீயா திட்டம் 46,000க்கும் மேற்பட்ட ஏரிகளைச் சீரமைக்கக் கிளம்பியிருந்தது. ஏரிக்குக் கோடிகள் கிடைத்தன. ஏரிக்காவலுக்கு ஆள் குறைந்தது.

அடுத்த நீர்வடிப்பகுதித் திட்டத்துக்கு மதிப்பீடு போடும் அதிகாரிகள் சிமென்ட், கருங்கல், ஜேசிபி வாடகைக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கட்டும்: திட்டம் முடிந்த பிறகும் ஊரிலேயே இருக்கும் ஒருவருக்கு மாதச் சம்பளம். அந்த வரி இல்லாத மதிப்பீட்டில் கையெழுத்துப் போடக் கூடாது.