பித்தப்பையின் மேல் பழி போடாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகக் கடைசி வரைக்கும் வாசியுங்கள். கோபம் வந்தால் கொமென்டில் எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

நம்மட ஊரில் ஒருவருக்குப் பித்தப்பையில் கல் என்று ஸ்கேன் றிப்போட் வந்தால் போதும். டொக்டர் வாய் திறக்க முதல் ஊர் வாய் திறந்துவிடுகிறது. "ஒபரேஷன் மட்டும் செஞ்சிராத புள்ள. அந்தப் பையை எடுத்தா திண்டது ஒண்டும் செமிக்காது." "எடுத்த ஆக்கள் எல்லாம் ஊதிப் போறாங்க, பாக்கேலயா?" அடுத்த வீட்டுக்குப் போனால் இதற்கு நேர்மாறான கதை: "எடுத்த பிறகு உருகி எலும்பும் தோலுமாப் போயிட்டாவாம்."

இந்த இரண்டு கதையும் ஒரே ஊரில், ஒரே கிழமையில், சில நேரம் ஒரே வட்ஸ்அப் குறூப்பில் ஓடுகிறது. ஊதுமா, உருகுமா என்று தங்களுக்குள்ளேயே முடிவு எடுக்காதவர்களின் பேச்சைக் கேட்டுத்தான் நம் தாய்மாரும் தங்கச்சிமாரும் கிளினிக் திகதியைத் தவறவிடுகிறார்கள். வலி வந்தால் ஒரு வில்லையைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்கிறார்கள். நான் இதை எழுதுவது அதற்காகத்தான்.

முதலில் ஒரு சாதாரணக் கேள்வி. செமிக்காத சாப்பாடு எப்படி உடம்பில் சதையாகும்? கொழுப்புச் செமிக்காவிட்டால் அது மலத்தோடு வெளியே போகும், ஆள் மெலியத்தான் வேண்டும். ஆள் பருக்கிறார் என்றால் அவருக்கு நன்றாகச் செமிக்கிறது, நன்றாக உறிஞ்சுகிறது என்றுதான் அர்த்தம். "செமிக்காது, ஊதும்" என்று ஒரே மூச்சில் சொல்பவர் தான் சொன்னதைத் தானே வெட்டுகிறார்.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பித்தம் சுரப்பது எங்கே? "ஈரலில்" என்பார்கள். பித்தப்பையின் வேலை என்ன? "சேமித்து வைப்பது." அவ்வளவுதான். ஈரல் ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை பித்தம் சுரக்கிறது. பித்தப்பையில் பிடிப்பதோ 30 முதல் 50 மில்லிலீற்றர். பெரிய தாங்கியும் சின்னப் போத்தலும் போல. போத்தலை எடுத்துவிட்டால் தாங்கி வற்றிப் போகாது. முன்பு பை தேக்கி வைத்து, கொழுப்புச் சாப்பாடு வந்ததும் ஒரேயடியாகப் பிழிந்து கொடுத்தது. இப்போது ஈரலிலிருந்து பித்தம் நேரே சிறுகுடலுக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும். சமிபாடு நடக்கும். நடக்கும் விதம்தான் கொஞ்சம் மாறும்.

குழப்பத்துக்கு ஒரு காரணம் நம்மட சொல்லிலேயே இருக்கிறது. நாட்டு வைத்தியத்தில் வாதம், பித்தம், கபம் என்று சொல்லும் பித்தம் வேறு. தலைசுற்றினாலும் பித்தம், வாய் கசந்தாலும் பித்தம் என்கிறோமே, அது. ஈரலில் சுரந்து பையில் நிற்கும் பச்சை மஞ்சள் சாறு வேறு. பெயர் ஒன்று என்பதால், பையை எடுத்தால் பித்தம் உடம்பெல்லாம் பரவித் தலைக்கேறும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

குர்பானி காலத்தில் ஈரலைப் பிரிக்கும்போது அந்தப் பை உடையாமல் எவ்வளவு கவனமாக எடுக்கிறோம்! உடைந்தால் ஈரல் கசந்துவிடும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாட்டிலும் ஆட்டிலும் அந்தப் பை இருக்கிறது. ஆனால் ஒட்டகத்துக்குப் பித்தப்பை இல்லை. குதிரைக்கும் இல்லை, யானைக்கும் இல்லை, நம் வீட்டுக் கூரையில் இருக்கும் புறாவுக்கும் இல்லை. அல்லாஹ் அவற்றைப் பித்தப்பை இல்லாமலே படைத்து, உணவையும் செமிக்க வைத்திருக்கிறான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நோயாளிக்கு ஓதிப் பாருங்கள், துஆச் செய்யுங்கள், யாரும் தடுக்கவில்லை. கிளினிக் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு ஓதுவதைத்தான் தவறு என்கிறேன்.

பித்தப்பையை எடுப்பது நேற்று வந்த பரிசோதனை அல்ல. 1882 யூலை 15ஆம் திகதி பேர்லின் நகரில் கார்ல் லாங்கன்பூக் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் முதன்முதலாக ஒரு மனிதரின் பித்தப்பையை வெற்றிகரமாக அகற்றினார். அந்த நோயாளிக்கு 43 வயது. 16 வருடமாகக் கல் வலி. வலியினால் உடம்பு மிகவும் மெலிந்து போயிருந்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு வலி நின்றது, உடம்பு தேறியது, சுமார் ஆறு கிழமையில் வீடு போனார். முதல் நோயாளியின் கதையிலேயே எடை கூடியதன் காரணம் தெளிவாகத் தெரிகிறது. அவர் ஊதவில்லை. 16 வருடமாக நிம்மதியாகச் சாப்பிட முடியாதிருந்தவர் சாப்பிடத் தொடங்கினார்.

1985இல் ஜேர்மனியில் எரிக் மூஹெ என்பவர் சிறு துளைகள் வழியாகக் கமரா வைத்து இதைச் செய்தார். 1990இல் மும்பையில் டொக்டர் தெஹம்டன் உத்வாடியா இந்தியாவில் அதைத் தொடங்கி வைத்தார். இன்று உலகத்தில் மிக அதிகமாகச் செய்யப்படும் வயிற்றுச் சத்திரசிகிச்சைகளில் இதுவும் ஒன்று.

சரி, எடை எப்படிக் கூடுகிறது? நம்மட வீடுகளில் நடப்பதைச் சொல்கிறேன். மனம் புண்பட்டால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

கல் இருக்கும் காலத்தில் அந்தப் பெண் பயந்து பயந்து சாப்பிடுகிறாள். பொரியல் இல்லை, தேங்காய்ப்பால் கறி இல்லை, இரவுச் சாப்பாடு இல்லை. எடை குறைகிறது. ஒபரேஷன் முடிந்து முதல் சில கிழமை பசி குறைவு, கஞ்சியும் சூப்பும்தான். இன்னும் கொஞ்சம் குறைகிறது. இதைப் பார்த்துத்தான் ஒரு வீட்டில் "உருகிப் போயிட்டா" என்ற கதை பிறக்கிறது.

பிறகு சுகம் விசாரிக்க வருகிறவர்கள். கையில் நெஸ்டமோல்ட், ஹோர்லிக்ஸ், குளுக்கோஸ், மாரி பிஸ்கட். நாளுக்கு மூன்று முறை சீனி போட்டுப் பால் கரைத்துக் கொடுக்கிறோம். கமரா ஒபரேஷன் செய்தவர் அன்றே அல்லது அடுத்த நாளே எழுந்து மெதுவாக நடக்கலாம், நடக்கவும் வேண்டும். பாரம் தூக்குவதைத்தான் சில கிழமைக்குத் தவிர்க்கச் சொல்வார்கள். நாமோ பிள்ளை பெற்றவளைப் போல நாற்பது நாள் கட்டிலில் வைக்கிறோம். மூன்று மாதம் கழித்து வலி இல்லை, பயம் இல்லை, வலீமா வீட்டுச் சஹன் முன்னால் உட்கார்ந்தால் பல வருட ஆசை தீரச் சாப்பாடு. ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் மட்டும் ஏறக்குறைய 120 கலோரி. அதற்கு மேல் நெய்ச்சோறு, பொரித்த கோழி, வட்டிலப்பம், சோடா. ஆறு மாதத்தில் உடம்பு வைக்கிறது. பழி யாருக்கு? குப்பைக்குப் போன பித்தப்பைக்கு!

எடை கூடுகிறவர்கள் இருக்கிறார்கள். கூடாதவர்களும் குறைகிறவர்களும் இருக்கிறார்கள். அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தட்டும் நடையும்தான். வயிற்றை மூன்றாகப் பிரித்து ஒரு பங்குக்குத்தான் உணவு என்று படித்த சமூகம் நாம். அந்தப் பாடம் பித்தப்பை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒன்றுதான்.

இன்னொன்று. ஊதுகிறாள், மெலிகிறாள் என்று கணக்கெடுக்கப்படுவது எப்போதும் பெண்தானே? ஆண் ஒருவர் ஒபரேஷனுக்குப் பிறகு வயிறு வைத்தால் "ஆள் நல்லாத் தேறிட்டார்" என்கிறோம். பெண்ணுக்குத்தான் "பலூன்". பித்தப்பைக் கல் பெண்களுக்கே கூடுதலாக வருகிறது. பிள்ளைப்பேறும் பெண் ஹோர்மோனும் அதற்குக் காரணங்கள். உடம்பைப் பற்றிய நம்மட நக்கல் ஒரு பெண்ணைச் சத்திரசிகிச்சையிலிருந்து விரட்டுமானால் அது சாதாரண நக்கல் அல்ல, அநியாயம். அந்த நக்கலுக்குப் பயந்து பட்டினி கிடந்து வேகமாக உடம்பைக் குறைப்பவர்களும் கவனியுங்கள். அப்படி வேகமாகக் குறைப்பதே பித்தப்பையில் கல் உண்டாக ஒரு காரணம்.

எல்லாம் சுகம், ஒரு தொந்தரவும் இல்லை என்று நான் சொல்லவில்லை. சிலருக்குச் சாப்பிட்ட கையோடு மலம் கழிக்கப் போக வேண்டி வரும், மலம் தண்ணியாகப் போகும், வயிறு ஊதும். பித்தம் தொடர்ச்சியாகச் சொட்டிப் பெருங்குடல் வரை போவதால் வருவது அது. பெரும்பாலானோருக்குச் சில கிழமையில் அல்லது சில மாதத்தில் உடம்பு பழகிவிடும். பழகாதவர்களுக்குப் பித்தத்தைக் கட்டும் மருந்தே இருக்கிறது. வெட்கப்படாமல் டொக்டரிடம் சொன்னால்தான் கிடைக்கும்.

சாப்பாட்டில் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரேயடியாக வயிறு முட்டச் சாப்பிடாமல் சிறிது சிறிதாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். முதல் சில கிழமைக்குப் பொரியலையும் கட்டித் தேங்காய்ப்பாலையும் குறையுங்கள். நம்மட எருமைத் தயிரைக்கூட மெதுவாகத் தொடங்குங்கள், எருமைப்பாலில் கொழுப்புக் கூட. வாவி மீனில் ஆணம் வைத்தால் தாராளமாகச் சாப்பிடலாம். கீரையையும் சிவப்பரிசிச் சோற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வாழ்நாள் முழுக்கக் கஞ்சியும் ரஸ்க்கும் என்பது ஊர்ப் பத்தியம், வைத்தியம் அல்ல. நோன்பு பிடிக்கலாமா என்று உங்கள் டொக்டரிடமே கேளுங்கள். பிடித்தால், பாங்கு சொன்ன கையோடு சமோசா, ரோல்ஸ், கட்லட் என்று எண்ணெயில் நீந்தாதீர்கள். பேரீத்தம்பழம், கஞ்சி, தொழுகை, பிறகு சாப்பாடு. அது எல்லோருக்குமே நல்லது.

இனிக் "கல் கரைக்கும்" வியாபாரிகள். ஒலிவ் எண்ணெயும் எலுமிச்சம் சாறும் குடித்தால் காலையில் பச்சைக் கற்கள் விழும் என்று வீடியோ போடுகிறவர்களே, 2005இல் 'த லான்செட்' மருத்துவ இதழில் வந்ததை வாசித்தீர்களா? நியூசிலாந்தில் ஒரு பெண் அப்படிக் குடித்து வெளியேறிய "கற்களை" டொக்டரிடம் கொண்டுபோனார். ஆய்வுகூடத்தில் பார்த்தால் அவை கல்லே இல்லை. குடித்த எண்ணெயும் எலுமிச்சம் சாறும் வயிற்றுக்குள் சேர்ந்து உண்டான சவர்க்கார உருண்டைகள். 40 பாகை வெப்பத்தில் உருகிவிட்டன. உண்மையான கற்கள் பித்தப்பையிலேயே இருந்தன, பிறகு சத்திரசிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். கரைக்கும் மருந்து மருத்துவத்திலும் உண்டு. ஆனால் சிறிய கொலஸ்ட்ரோல் கற்களுக்குத்தான், மாதக்கணக்கில் எடுக்க வேண்டும், நிறுத்தினால் கல் திரும்பவும் வரலாம். போத்தலில் லேபல் ஒட்டி ஆயிரக்கணக்கில் விற்பவர் இதில் எதையாவது சொல்கிறாரா?

தள்ளிப்போட்டால் என்ன நடக்கும்? கல் நழுவிப் பித்தக்குழாயை அடைத்தால் கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும். அதை ஈரல் காய்ச்சல் என்று நினைத்துச் செங்கமாரிக்கு மூலிகை அரைத்துக்கொண்டிருப்போம், உள்ளே கிருமி பரவும். கல் சதையியின் வாயை அடைத்தால் சதையியே அழற்சி கண்டு வேகும். அதில் உயிர் போகவும் இடமுண்டு. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேறு காரணத்துக்கு ஸ்கேன் எடுத்தபோது தற்செயலாகக் கண்ட, வலியே தராத கல்லுக்குப் பெரும்பாலும் சத்திரசிகிச்சை தேவைப்படாது. எது தேவை, எது தேவையில்லை என்று சொல்ல வேண்டியவர் சத்திரசிகிச்சை நிபுணர். மாமியும் இல்லை, மருந்து விற்பவரும் இல்லை.

ஒபரேஷன் முடிந்த பிறகும் கண் மஞ்சளித்தால், காய்ச்சல் அடித்தால், வலி கடுமையானால், மலம் வெளுத்தால், எடை காரணமில்லாமல் குறைந்துகொண்டே போனால் ஒரு நாளும் பொறுக்காதீர்கள். "எடுத்தவங்களுக்கு இப்படித்தான்" என்று யாராவது ஆறுதல் சொன்னால் கேட்காதீர்கள். நேரே வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கிருந்து தேவைப்பட்டால் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் காசு கிடையாது. இந்த நாட்டில் நமக்கு இருக்கும் பெரிய நிஃமத் அது.

வைத்தியத்துறையினரிடமும் ஒன்று கேட்க இருக்கிறது. ஊர்ப் பேச்சு வளர்வது நீங்கள் பேசாமல் விட்ட இடத்தில்தான். ஆங்கிலத்தில் எழுதிய அட்டையைக் கையில் கொடுத்து அனுப்பினால், அந்தத் தாய் வீட்டில் யாரிடம் கேட்பாள்? பக்கத்து வீட்டில்தான் கேட்பாள். என்ன சாப்பிடலாம், எப்போது நடக்கலாம், எதற்குத் திரும்பி வர வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். அச்சடிக்கக் காசில்லை என்றால் நமது பள்ளிவாசல்களும் பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்களும் தரும். சரி பார்த்துத் தருவது மட்டும் உங்கள் பொறுப்பு.

அடுத்த முறை யாராவது "எனக்குக் கல்லாம்" என்று சொன்னால், நமக்குத் தெரிந்த கதையைச் சொல்ல வேண்டாம். "கிளினிக் எப்ப? கூட வர ஆள் இருக்கா? பிள்ளைகளை நான் பாத்துக்கவா?" என்று கேளுங்கள். அந்த மூன்று கேள்வியில் இருக்கும் நன்மை நம்மட முப்பது வொய்ஸ் மெசேஜில் இல்லை.

வலியோடு இருக்கும் ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைக் கொடுப்பானாக. ஆமீன்.