வலி போச்சுன்னா நோய் போச்சா?

காமர்ஸ் படிக்கிறவனுக்கு மருத்துவத்துல என்ன வேலைன்னு கேட்காதீங்க. நாம எல்லாரும் சர்வசாதாரணமா பண்ற ஒரு காரியத்தைப் பத்தித்தான் சொல்லப் போறேன். முதுகு வலியா, பல் வலியா, முட்டி வீக்கமா... நேரா மெடிக்கல் ஷாப்புக்குப் போய், "அண்ணே, வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க". அவரும் அட்டையிலிருந்து ரெண்டு வெட்டிக் கொடுத்துடுவார். மாசக்கணக்கா இப்படியே ஓட்டுறவங்க உண்டு. இது ஆபத்துன்னுதான் என் கருத்து.

அடிபட்டாலோ கிருமி நுழைஞ்சாலோ அந்த இடம் சிவக்கும், வீங்கும், சுடும், வலிக்கும். இந்த நாலு அடையாளத்தையும் சுமார் 2000 வருஷத்துக்கு முன்னாடியே செல்சஸ் என்ற ரோமானியர் எழுதி வெச்சிருக்கார். தமிழில் இதுக்கு 'அழற்சி'ன்னு பேர். ரத்தக் குழாய்கள் விரிஞ்சு, வெள்ளை அணுக்கள் அங்கே ஓடி வர்றதாலதான் இதெல்லாம். அதாவது இது உடம்பே பார்க்கிற ரிப்பேர் வேலை!

அந்த வேலை முடியாம இழுத்துக்கிட்டே போனாத்தான் வம்பு. முடக்குவாதத்தில் உடம்போட காவல்படையே சொந்த மூட்டைத் தாக்குது. கவுட் நோயில் யூரிக் ஆசிட் படிகங்கள் மூட்டில் சேருது. சொத்தைப் பல்லுல கிருமி. சிகரெட்டும் தொப்பைக் கொழுப்பும் சத்தமில்லாம உள்ளுக்குள்ள அழற்சியை வளர்க்குது. காரணம் இத்தனை இருக்க, மாத்திரை மட்டும் எல்லாத்துக்கும் ஒண்ணா?

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகள் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுக்குது. ஆஸ்பிரின் வேலை செய்யறதும் இப்படித்தான்னு 1971ல் ஜான் வேன் கண்டுபிடிச்சார். 1982ல் நோபல் பரிசைப் பகிர்ந்துக்கிட்டார். சிக்கல் என்னன்னா, இரைப்பையின் உள்சுவரைக் காப்பாத்தறதும், சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையாம பார்த்துக்கறதும் அதே பொருள்தான். வலியோடு சேர்த்து அந்தக் காவலையும் நிறுத்தறோம். வயித்துப் புண்ணும் கிட்னி பாதிப்பும் வர்றது இதனாலதான்.

காரணத்தைத் தேடினா என்ன கிடைக்கும்? இதுக்கும் வயிறுதான் உதாரணம். அல்சர்னாலே டென்ஷன், காரம்னு ரொம்ப காலம் சொல்லிக்கிட்டிருந்தாங்க. ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஒரு பாக்டீரியாவைக் கைகாட்டினாங்க. யாரும் நம்பலை. 1984ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடிச்சு, தன் இரைப்பையில் அழற்சி வந்ததை நிரூபிச்சார்! 2005ல் ரெண்டு பேருக்கும் நோபல். வருஷக்கணக்கா ஆன்டாசிட் குடிச்சவங்களுக்கு, கிருமியைக் கொல்லும் சில வார மருந்திலேயே புண் ஆறுச்சு.

நம்ம பாடத்தில் சொன்னா, லெட்ஜரில் நஷ்டத்தை ஒயிட்னர் போட்டு அழிச்சா கம்பெனி லாபத்துக்கு வந்துடுமா?

மாத்திரையே கூடாதுன்னு சொல்லலை. சுளுக்குக்கு ஐஸ், ஓய்வு, ரெண்டு நாள் மாத்திரை... சரிதான். ஆனா காலையில் எழுந்ததும் மூட்டு இறுகி, வாரக்கணக்கில் அப்படியே இருந்தா டாக்டரிடம் போயே ஆகணும். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் மாதிரி மருந்துகளைச் சீக்கிரம் ஆரம்பிச்சா மூட்டு சிதையாம தடுக்கலாம். வலி மாத்திரை அதைச் செய்யாது. மஞ்சள் நல்லதுதான், ஆனா அதில் உள்ள குர்குமின் ரத்தத்தில் சேர்றது ரொம்பக் குறைவு. ரசத்தில் போடுங்க, சிகிச்சைன்னு நம்பாதீங்க.

அடுத்த தடவை வீட்டில் யாராவது மாத்திரை வாங்கிட்டு வரச் சொன்னா, "எத்தனை நாளா வலிக்குது?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. பதில் வாரக்கணக்கில் வந்தா, மெடிக்கல் ஷாப்புக்குப் பதிலா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.