கையில் ஸ்டியரிங், ஆர்.சி. யார் பெயரில்?

கோவில்பட்டியை ஒட்டிப் போகும் நான்குவழிச் சாலையின் ஓரத்தில் ஒரு லாரிப் பட்டறை. வேப்பமரத்து நிழலில் பத்துச் சக்கர லாரி ஒன்று, பின்சக்கரங்கள் கழற்றப்பட்டு மரக்கட்டைகளின் மேல் நிற்கிறது. எஃப்.சி. வேலை நடக்கிறது. உரிமையாளர் நம் தெருக்காரர். பதினெட்டு ஆண்டுகள் பிறர் லாரியை ஓட்டிவிட்டு, 15 வயதான இந்த வண்டியை 2021இல் வாங்கினார். அருகில் போய்ப் பேச்சுக் கொடுத்தோம்.

"வண்டி என்னுதுதான்ணே. ஆனா புக்குல பேரு இன்னும் பழைய மொதலாளி பேருதான்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்குள் நாம் இன்று பேசவேண்டிய செய்தி முழுவதும் இருக்கிறது.

2025 நவம்பரில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, பழைய வண்டிகளுக்கான தகுதிச் சான்றுக் கட்டணத்தை உயர்த்தியது. 20 ஆண்டுகளைக் கடந்த கனரக லாரிக்கு 25,000 ரூபாய் என்பது அந்த அறிவிப்பு. அதற்கு முன்பே, 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வரும் என்று அறிவிக்கப்பட்ட திருத்தத்தில் 15 ஆண்டு கடந்த கனரக வண்டிக்கு 12,500 ரூபாய் விதிக்கப்பட்டிருந்தது. கூடுதல் கட்டணம் தொடங்கும் வயதும் இப்போது 15இலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது. லாரி உரிமையாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், செய்தித்தாள்களில் வந்தது. ஆனால், பழைய லாரிகளின் கடைசி உரிமையாளர் யார் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. அதை நாம் கேட்கிறோம்.

லாரி எப்படி இறங்கி வருகிறது?

ஒரு லாரி பிறந்தது முதல் உடைக்கப்படும் வரை ஒரே கையில் இருப்பதில்லை. வெளிமாநிலங்களுக்குப் போகும் நேஷனல் பெர்மிட்டுக்கு வயது வரம்பு உண்டு. இரண்டு அச்சு லாரிக்கு 12 ஆண்டு, அதற்கு மேற்பட்ட அச்சுகள் கொண்ட லாரிக்கு 15 ஆண்டு. அதைத் தாண்டினால் வண்டி மாநிலத்துக்குள்தான் ஓடவேண்டும். மும்பைக்கும் டெல்லிக்கும் தீப்பெட்டி ஏற்றிய லாரி, அன்றோடு நெடுந்தூர வாடகையை இழக்கிறது. பெரிய முதலாளி அதை விற்றுவிட்டுப் புது வண்டி எடுக்கிறார்.

அந்தப் பழைய வண்டியை யார் வாங்குவார்? சேர்த்த பணம் கொஞ்சம், மனைவியின் நகை கொஞ்சம், மீதி வட்டிக்கடன் என்று வருகிற ஓட்டுநர்தான் வாங்குவார். உப்பு, சல்லி, விறகு, சீமைக்கருவேலங்கரி, அறுவடைக் காலத்து மக்காச்சோளம் என்று உள்ளூர் லோடுகளை நம்பி அது ஓடும். தூத்துக்குடித் துறைமுகத்தில் கண்டெய்னர் இழுக்கும் பழைய டிரெய்லர்களின் கதையும் ஏறத்தாழ இதுதான்.

வங்கிகள் ஒதுங்கி நின்ற இந்தப் பழைய வண்டிச் சந்தையில் கடன் கொடுப்பதையே பெருந்தொழிலாக்க முடியும் என்பதை, 1979இல் சென்னையில் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ் காட்டியது. ஓட்டுநர் உரிமையாளராக ஏறும் ஏணி ஒன்று இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால், நம் மக்கள் அந்த ஏணியில் கால்வைக்கும்போது கடைசிப் படிதான் கிடைக்கிறது. புதிய லாரியின் லாபக் காலத்தை ஒருவர் எடுத்துக்கொள்கிறார். ரிப்பேர் காலம் நம் தலையில் விழுகிறது.

நாடு முழுவதும் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. 2013இல் நடந்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பில், தனிநபர் உடைமையான தொழில்களில் பட்டியல் சாதியினர் கையில் இருந்தவை 11.4 விழுக்காடு மட்டுமே. அதிலும் பெரும்பாலானவை ஆள் வைக்காமல் தானே உழைக்கும் சிறு தொழில்கள். ஒற்றை லாரிக்காரரும் அந்த வரிசையில் நிற்பவர்தான்.

உடைமையும் பெயரும்

நம் கையில் ஒரு பொருள் சேர்வதை இந்தக் கரிசல் மண் எப்படிப் பார்த்தது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்தார்கள். வளைகுடா நாடுகளில் உழைத்த காசில் கொஞ்சம் நிமிர்ந்திருந்த ஊர் அது. தொலைக்காட்சி, மின்விசிறி, தையல் இயந்திரம், வாகனம் என்று தேடித்தேடி உடைக்கப்பட்டன. பாஸ்போர்ட்டும் படித்தவர்களின் சான்றிதழும்கூடத் தப்பவில்லை. உயர்வதற்கான கருவிகள் எவையோ, அவையே அடிபட்டன.

இரண்டு ஆண்டு கழித்து, 1997இல், விருதுநகரைத் தலைமையாகக் கொண்ட புதிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. கட்டபொம்மனின் படைத்தளபதி, கவர்னகிரிக்காரர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள். கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. வண்டியின் நெற்றியில் யார் பெயர் இருக்கிறது என்பது இந்தப் பகுதியில் சின்ன விஷயம் இல்லை.

அதனால்தான் ஒரு ஓட்டுநர் பழைய லாரியை வாங்கி, முகப்பில் மகள் பெயரை எழுதும்போது நாம் மகிழ்கிறோம். அந்த வண்டி மூன்றே ஆண்டில் பைனான்சுக்காரர் கைக்குத் திரும்பும்போது நமக்கு வலிக்கிறது.

பழைய வண்டியின் கணக்கு

வாங்கும் விலை பெரிதில்லை, வைத்திருக்கும் விலைதான் பெரிது. எட்டு ஆண்டு கடந்த லாரிக்கு ஒவ்வோர் ஆண்டும் எஃப்.சி. காட்டவேண்டும். கட்டணம் தனி. அதற்கு முன் பிரேக் லைனிங், லைட், பெயின்ட், ஒளிரும் பட்டை, பாடி வேலை என்று பட்டறையில் ஆகும் செலவு தனி. அத்தனை நாளும் ஓட்டம் இல்லை. தவணை மட்டும் ஓடும்.

மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் வண்டியின் எடையைப் பார்க்கிறது, வயதையோ வருமானத்தையோ பார்ப்பதில்லை. 2022இல் நிர்ணயித்தபடி 20 டன்னுக்கு மேல் 40 டன் வரையிலான சரக்கு வண்டிக்கு ஆண்டுக்கு 43,950 ரூபாய். புது லாரியில் டெல்லி போகிறவருக்கும் அதே தொகை, உப்பு லோடு அடிக்கிறவருக்கும் அதே தொகை. டயர் ஒன்று 20,000 ரூபாயைத் தாண்டுகிறது. பத்துச் சக்கரத்துக்கும் சேர்த்து நீங்களே பெருக்கிப் பாருங்கள். பழைய டயரை ரீட்ரேடிங் செய்து பின்னால் போட்டு ஓட்டுவது அதனால்தான்.

இதற்கு மேல் நம் ஊர் மண்ணும் தண்ணீரும் வேறு சோதிக்கும். உப்பு லோடு சேஸியை அரிக்கிறது. கரிசல் புழுதி ஏர் ஃபில்டரை அடைக்கிறது. மழைக்குப் பின் காட்டுப்பாதையில் மக்காச்சோளம் ஏற்றப்போனால், சேற்றில் சிக்கிய வண்டியை வெளியே எடுப்பதற்குள் கிளட்ச் பிளேட் கருகிவிடும். உவர்த்தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உப்புப் படிந்து குழாய் அடைத்து, சித்திரை வெயிலில் இன்ஜின் கொதிக்கும். ஹெட் போனால் பாதி இன்ஜினைப் பிரிக்கவேண்டியதுதான்.

ஆனாலும் நம்மவர்கள் பழைய டீசல் வண்டியை விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. 2017க்கு முந்தைய லாரிகள் பலவற்றில் டீசல் பம்ப் மெக்கானிக்கல். ஸ்பேனரும் அனுபவமும் இருந்தால் சாலையோரத்திலேயே சரிசெய்யலாம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டியில் சென்சார் ஒன்று போனால் கம்பெனி சர்வீஸ் சென்டரும் லேப்டாப்பும் வேண்டும். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டுக் கிளீனராக ஏறிய பையன், இன்ஜின் சத்தத்தை வைத்தே எந்த நாசில் அடைத்திருக்கிறது என்று சொல்கிறான். அது கல்விதான். அதற்குச் சான்றிதழ் மட்டும் இல்லை.

அந்தக் கல்வியில் விட்டுவிடக் கூடாத பாடங்கள் சில உண்டு. காலையில் வண்டி எடுக்கும்முன் ஏர் டேங்கில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடுவது. பிரேக் ஓஸில் காற்றுக் கசிகிறதா என்று காது கொடுப்பது. கமான் பட்டையில் விரிசல் பார்ப்பது. டிரெய்லர் என்றால் இழுவை வண்டியோடு சேரும் இடத்தில் கிரீஸ் வறண்டுபோகாமல் பார்ப்பது. உப்பு இறக்கிய அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுவது. ஆயில் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் அந்த வேலையை அதனிடம் கொடுங்கள்.

சாலையில் சாவது யார்?

பழைய லாரிகள் புகை கக்குகின்றன, பிரேக் பிடிக்காமல் ஆளைக் கொல்கின்றன, அவற்றை ஒழிப்பதில் என்ன தவறு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிரேக் பிடிக்காத லாரி கவிழ்ந்தால் முதலில் நசுங்குவது கேபினில் இருக்கும் நம் ஓட்டுநரும் கிளீனரும்தான். புகையைச் சுவாசிப்பதும் சாலையோரத்தில் குடியிருக்கும் நம் பிள்ளைகள்தான். ஆகவே, கெட்ட வண்டியை ஓடவிடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. சோதனை கடுமையாகவே இருக்கட்டும். ஆனால், சோதனையின் விலை ஏன் சோதனைக்கு வர முடியாத அளவுக்கு இருக்கவேண்டும்? 25,000 ரூபாயைக் கட்டணமாகக் கொடுத்தவர் அந்த மாதம் பிரேக் டிரம் மாற்றுவதைத் தள்ளிப்போடுவார். கட்டணம் உயர்வதால் வண்டி பாதுகாப்பாகிவிடாது.

2021இல் அறிவிக்கப்பட்ட பழைய வாகன அழிப்புக் கொள்கையையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். வண்டியை உடைக்கக் கொடுத்துச் சான்று பெற்றவர், அடுத்து வாங்கும் புதிய வணிக வாகனத்தின் சாலை வரியில் 15 விழுக்காடு வரை சலுகை பெறலாம். புது லாரி வாங்க வசதியுள்ளவருக்கு அது சலுகை. இருந்த ஒரே வண்டியை இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு மறுபடி சம்பள ஓட்டுநராகப் போகிறவருக்கு அதில் என்ன இருக்கிறது?

செய்யவேண்டியவை

முதலாவது, நம் கையில் இருப்பது. லாரி வாங்கினால் ஆர்.சி.யைப் பெயர் மாற்றுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவு, வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்கவேண்டும் என்கிறது. ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று விபத்து இழப்பீட்டு வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பெயர் மாற்றாத வண்டி எரிந்தாலும் கவிழ்ந்தாலும், அதன் சேதத்துக்கு உங்கள் பெயரில் காப்பீடு கேட்க முடியாது. பஞ்சமி நிலத்தில் பட்டா ஒருவர் பெயரிலும் அனுபவம் இன்னொருவர் கையிலும் போன கதை நமக்குத் தெரியும். லாரியிலும் அதை நாமே எழுதிக்கொடுக்க வேண்டாம். ஊரில் கல்லூரி மாணவர்கள் இருக்கிறீர்கள். பரிவாகன் இணையதளத்தில் 29, 30ஆம் படிவங்களை நிரப்பிக்கொடுப்பது ஒரு மணி நேர வேலை. அந்த உதவியைச் செய்யுங்கள்.

இரண்டாவது, அரசிடம் கேட்கவேண்டியது. தாட்கோவின் சமூகப் பொருளாதார மேம்பாட்டுத் திட்டத்தில் 35 விழுக்காடு, உச்சவரம்பு மூன்றரை லட்சம் மானியம் இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு, ஒன்றரைக் கோடி வரை மானியமும் 6 விழுக்காடு வட்டிச் சலுகையும் உண்டு. தகுதியுள்ளவர்கள் பழைய வண்டியைத் தேடுமுன் இவற்றை விசாரியுங்கள். ஆனால், இவை தொழில் தொடங்கக் கைகொடுப்பவை. இன்ஜின் இறக்கும் நாளில் கந்துவட்டிக்காரர் வீட்டுக்குப் போகாமலிருக்க, பராமரிப்புக்கென்றே ஒரு சிறுகடன் வேண்டும். ஒற்றை லாரிக்காரருக்குச் சோதனைக் கட்டணத்தில் தள்ளுபடி வேண்டும். அழிக்கவேண்டிய வண்டிதான் என்றால், மாற்று வண்டிக்கான மானியம் கையில் வந்தபிறகு அழிக்கட்டும்.

மூன்றாவது, லோடு. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் வாங்கும் பொருளிலும் சேவையிலும் 25 விழுக்காடு சிறு, குறு நிறுவனங்களிடம் இருக்கவேண்டும். அதற்குள் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடியினரின் நிறுவனங்களுக்கு என்று 2012ஆம் ஆண்டு கொள்முதல் ஆணை சொல்கிறது. தூத்துக்குடியில் மத்திய அரசின் துறைமுகம் இருக்கிறது, பொதுத்துறை நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே போக்குவரத்து ஒப்பந்தங்களில் அந்த 4 விழுக்காடு எங்கே என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பத்து ஒற்றை லாரிக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கமாகப் பதிந்தால், கேட்கும் குரலும் பெரிதாகும், டெண்டருக்கும் தகுதி வரும்.

அந்தப் பட்டறைக்கு மறுவாரம் போனோம். லாரி சக்கரத்தில் நின்றது, புதுப் பெயின்ட் அடித்திருந்தது. பெயர் மாற்றப் பழைய முதலாளியிடம் கையெழுத்துக் கேட்கப் போயிருந்தார் நம் தெருக்காரர். முகப்பில் பெயர் எழுதும் இடத்தைப் பெயின்டர் இன்னும் காலியாக விட்டிருந்தார்.