ஏழைக்கும் வேண்டும் முதல்தர வாதம்

வழக்கறிஞர் தொழிலில் உயர்ந்த இடம் எது என்று கேட்டால், பெரிய கம்பெனிகளின் வழக்குக் கட்டுகள் அடுக்கப்பட்ட மேசையையே பலரும் சுட்டிக்காட்டுவர். ஆக்கவுரிமை வழக்கு, வர்த்தகக் குறி வழக்கு, காணி வழக்கு என அறிவும் உழைப்பும் பணமும் அங்கேதான் குவிகின்றன. ஏழையின் வழக்கோ நேரம் மிஞ்சினால் பார்க்கப்படும். இல்லையேல் புதிதாக வந்த இளையவர் ஒருவரிடம் தள்ளப்படும். இதற்குத் தருமம் என்று பெயர் வேறு! மிச்சத்தைக் கொடுப்பது தருமம் ஆகலாம், நீதி ஆகாது. எந்தத் திறமையைக் கொண்டு பொருளீட்டுகிறாரோ, அதே திறமையைக் கட்டணமின்றி எளியவர்க்கும் தருபவரே முழு வழக்கறிஞர் என்பது நம் துணிபு.

மிக நுட்பமான ஆக்கவுரிமைத் துறையிலேயே இதற்குச் சான்று உண்டு. இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் என்னும் மருந்துப் பொருளின் ஒரு வடிவத்திற்கு ஆக்கவுரிமை கோரி, நோவார்ட்டிஸ் கம்பெனி 1998 இல் சென்னையில் விண்ணப்பித்தது. 2006 இல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சட்டத்தையே எதிர்த்து அது தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 இல் தள்ளியது. ஆக்கவுரிமைப் பூசல் ஈற்றில் இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கம்பெனியின் மருந்துக்கு மாதம் ஓர் இலட்சம் ரூபாய்க்கு மேல். உள்நாட்டில் செய்த அதே மருந்துக்குப் பத்தாயிரம் ரூபாய் அளவே! புற்றுநோயாளர் உதவிச் சங்கத்தின் பக்கம் நின்று வாதாடியவர் ஆனந்த் குரோவர். உரிமையிழந்தோர்க்காக வழக்காடும் லோயர்ஸ் கலெக்டிவ் அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவர் அவர். ஐக்கிய நாடுகள் சபையின் சுகாதார உரிமைக்கான சிறப்பு அறிக்கையாளராகவும் பணியாற்றியவர். அறிந்த பொருளின் புதுவடிவம், நோய் தீர்க்கும் ஆற்றலில் மேம்பட்டதென நிறுவப்படாவிடில் ஆக்கவுரிமை பெறாது என்று 2013 ஏப்ரல் 1 அன்று தீர்ப்பாயிற்று. அங்கே வென்றது வெறும் இரக்கமா? இரசாயனத்தையும் சட்ட வாசகத்தையும் வரிவரியாகக் கற்ற அறிவு எளியவர் பக்கம் வந்து நின்றது. அதனாலே வெற்றி கிட்டியது.

நமது மலைநாட்டிற்கும் இவ்வழி புதிதன்று. மடுல்கலைப் பகுதியின் ரெலுகாஸ் தோட்டத்தில் துரைத்தொழில் பழக வந்த பிரேஸ்கேடில் என்னும் வெள்ளை இளைஞர், தொழிலாளர் படும் பாட்டைக் கண்டு மனம் பொறாது அவர்கள் பக்கம் சேர்ந்தார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தோட்டத் தொழிலாளர் முன் பேசினார். துரைமார் கொதித்தெழுந்தனர். 48 மணி நேரத்தில் நாட்டை விட்டு வெளியேறுமாறு தேசாதிபதி ஸ்ரப்ஸ் கட்டளையிட்டார். அவ்வேளையில் பணம் வாங்காமல் வழக்கேற்க முன்வந்தவர் யார்? சிவில் வழக்குகளில் நாட்டின் முன்னணி அப்புக்காத்தாக விளங்கிய எச். வி. பெரேரா! சொத்து வழக்குகளில் தீட்டிய அதே கூர்மையை அவர் அங்கும் காட்டினார். தேசாதிபதி சார்ந்து நின்ற 1896 ஆம் ஆண்டு ஆணை அவசர நிலைக்கென எழுந்தது. அமைதிக் காலத்தில் ஒரு மனிதனை வெளியேற்ற அது உதவாது என உயர் நீதிமன்றம் மே மாதத்தில் தீர்ப்பளித்தது. பிரேஸ்கேடில் விடுதலையானார். தேசாதிபதியின் கட்டளையும் சட்டத்திற்கு உட்பட்டதே என்பதை லயத்திலிருந்தவனும் அன்று அறிந்துகொண்டான்.

“சட்டம் இயற்றுவோர் நமக்குப் பகையானால் வழக்கறிஞரால் என்ன பயன்?” என்று கேட்பார் உளர். கேள்வி நியாயமானதே. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிஸாரின் குண்டுக்குப் பலியானார். விசாரணைக் குழுவின் முன் அவர் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். போன உயிர் மீளவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் நம் மக்களின் வாக்கைப் பறித்தன. அவை செல்லா என்று தொடுக்கப்பட்ட கோடாக்கன்பிள்ளை வழக்கு பிரிவி கவுன்சில் வரை சென்று 1953 இல் தோற்றது. எஞ்சியோரின் குடியுரிமைக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதனைப் பெற்றுத் தந்தது அரசியல் வலிமையே அன்றி நீதிமன்றத் தீர்ப்பன்று. ஆகவே வழக்கறிஞர் இயக்கத்திற்கு மாற்றல்லர். ஆயினும் இயக்கம் ஈட்டியதைக் காக்க அவர் இன்றியமையாதவர்.

அண்மைக் காலத்தைப் பாருங்கள். 2024 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,700 ரூபாயாக்கி வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது. கம்பெனிகள் உயர் நீதிமன்றம் சென்று ஜூலை மாதத்தில் இடைக்காலத் தடை பெற்றன. நீதிமன்றம் செல்வது அவர்தம் உரிமை. அதனைக் குறை கூறோம். கொழுந்து பறிப்பவளுக்கும் அதே தரத்து வாதம் கிடைக்க வேண்டும் என்பதே நம் கேள்வி.

காணியை எடுத்துக்கொள்வோம். 1972, 1975 ஆம் ஆண்டுச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குச் சென்றது. உடைமையாளர் அரசு, குத்தகையாளர் கம்பெனி, தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்து உழைத்து மடிபவன் யார்? உறுதியின்றி வீடு நிலைக்குமா? இரண்டு பாத்தி மரக்கறி நட்டவனுக்கு அந்த மண்ணில் என்ன உரிமை? இவை குத்தகைப் பத்திரமும் காணிச் சட்டமும் கரைகண்டவர் விடை காண வேண்டிய கேள்விகள் அல்லவா?

ஆதலின் தமிழ்ச் சட்டத்தரணிகளுக்கு ஒன்று சொல்வோம். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு தோட்ட வழக்கையேனும் கட்டணமின்றி ஏற்பீர்களாக. கம்பெனி வழக்கிற்கு எத்தனை இரவு விழிப்பீர்களோ, அத்தனை இரவு அதற்கும் விழிப்பீர்களாக. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் மூத்தோரும் இளையோரும் ஒன்றுகூடி, எவ்வழக்கை யார் ஏற்பது என முறைவகுத்துக்கொள்ளட்டும். தொழிலாளத் தோழர்களே, சம்பளத் துண்டையும் சேமலாப நிதிக் கடிதத்தையும் எறிந்துவிடாதீர்கள். உங்கள் வழக்கறிஞரின் கையில் அவையே ஆயுதம்.

உழைப்பவனின் பக்கத்தில் உண்மை இருந்தும், அதை எடுத்துரைக்க வல்லவர் இல்லாமையால் அவன் தோற்பானாயின், அந்தத் தோல்வியில் கற்ற நம் அனைவர்க்கும் பங்குண்டு.