பதினான்கு விளக்குகளுக்கு ஏது ஊரடங்கு?

கடந்த ஒரு வாரமாக ஆய்வாளர் வட்டங்களில் ஒரே புலம்பல். பெருந்தொற்று பண்டிகைகளையெல்லாம் பறித்துக்கொண்டதாம். 'இந்தியாவின் ஹாலோவீன்' ஆகிய பூத சதுர்த்தசியைக்கூட இவ்வாண்டு வீட்டுக்குள் முடங்கியபடியே கழிக்க நேர்ந்ததாம். இணையவழிக் கருத்தரங்கு ஒன்றின் அறிவிப்பிலும் இதே தொடரைக் கண்டேன். நேற்று, 2020 நவம்பர் 13, கொல்கத்தாவின் வீடுகளில் அந்நாள் வந்து சென்றுவிட்டது. அது எதை இழந்தது என்பதை இவர்களுள் ஒருவரேனும் சொல்லட்டும்.

காளி பூஜைக்கு முந்தைய இரவு இது. நாம் நரக சதுர்த்தசி என்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் அதே திதிதான். வங்காளிகள் அன்று பதினான்கு கீரைகளைச் சேர்த்துச் சமைத்து உண்பர்; கீரை கழுவிய நீரை வீட்டின் மூலைகளில் தெளிப்பர்; அந்தி சாய்ந்ததும் வாசல், மாடிப்படி, அடுக்களை, இருண்ட மூலை எனப் பதினான்கு இடங்களில் விளக்கு வைப்பர். பதினான்கு தலைமுறை முன்னோருக்காக என்பது வழக்கு. இவற்றுள் வீட்டைவிட்டு வெளியே செய்ய வேண்டியது எது? துர்கா பூஜைப் பந்தல்களுக்குள் பார்வையாளர் நுழையலாகாது என்று அக்டோபரில் கல்கத்தா உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. காளி பூஜைக்குப் பட்டாசையும் தடை செய்தது. அந்த இழப்பு உண்மையானது. ஆனால் பந்தலின் துக்கத்தை அடுக்களையின் தலையில் கட்டுவது என்ன ஆய்வு நெறி?

ஒப்புமைக்கு இழுக்கப்படும் ஹாலோவீனையாவது இவர்கள் சரியாகப் படித்தார்களா? ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் அந்நாளைப் பற்றி எழுதிய நெடுங்கவிதையில் ஸ்காட்லாந்துச் சிற்றூர்க் குடும்பங்கள் கணப்பருகே கூடிக் கொட்டைகளை நெருப்பிலிட்டு மணக்குறி பார்க்கின்றன. வீடுவீடாகச் சென்று சிறுவர் இனிப்புக் கேட்கும் இன்றைய அமெரிக்க வடிவம் பரவியது 1930களிலும் அதற்குப் பின்னரும்தான். இந்தச் செப்டம்பரில் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதனை மிகு இடர் வகையில் வைத்தது. குடும்பத்தாருடன் வீட்டிலிருந்து பூசணி செதுக்குவதைக் குறை இடர் என்றது. வீட்டுக்குள் திரும்பியதால் அழிந்துபோகும் பண்டிகை அதுவும் அன்று.

சொல்லையே பாருங்கள். 'பூத' என்பது 'ஆதல்' பொருள் தரும் வடமொழி வேரின் இறந்தகால எச்சம்: ஆகி முடிந்தது. இந்தியில் இறந்தகாலத்துக்கே பூதகாலம் என்று பெயர். (நம் இலக்கணமும் 'இறந்த' காலம் என்றே சொல்கிறது, மொழியியல் மாணவருக்கு இதைவிட நல்ல பேய்க்கதை கிடைக்காது.) வங்காளப் பேய்களும் பெரும்பாலும் வீட்டைச் சுற்றியே திரிபவை. மெச்சோ பூத் மீனுக்காக அலைகிறது. நிஷி இரவில் வேண்டியவர் குரலில் பெயர் சொல்லி அழைக்கிறது. மூன்றாம் அழைப்புக்கு முன் வாய் திறக்கலாகாது. ஷாக்சுன்னி சங்கு வளையணிந்த சுமங்கலிப் பேய். லால் பிகாரி தே 1883இல் வெளியிட்ட நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் அவள் ஒரு பிராமணன் மனைவியைப் பிடித்து அடைத்துவிட்டு, அவளிடத்தில் தான் புகுந்து குடித்தனம் நடத்துகிறாள். எட்டாத பொருளை எடுக்கக் கை நீள்வதைக் கண்டுதான் மாமியார் ஐயுறுகிறாள். வேலை விரைவாக முடிவதே மருமகள் மீது ஐயத்துக்குக் காரணமாகிறது! வீடு அச்சமற்ற இடம் என்று நான் வாதிடவில்லை என்பதற்கு இக்கதையே சான்று. பிராமணப் பேய்க்கு வில்வ மரமும் மரியாதையும் தனியே உண்டு. செத்த பின்னும் சாதி சாகவில்லை.

அந்தக் கீரைகள் எங்கிருந்து வருகின்றன என்பதை எந்தப் புலம்பலிலும் காணவில்லை. சேனை, வேம்பு, கடுகு, சக்கரவர்த்திக்கீரை, பொன்னாங்கண்ணி, ஆரை, சீந்தில் என நீளும் பட்டியலை ஸ்மிருதி நூலார் ரகுநந்தனர் பெயரால் சொல்வர். சந்தைக் கட்டில் எண்ணிக்கை சரியாக இருக்கும், பட்டியல் சரியாக இராது, கிடைத்ததைக் கட்டுகிறார்கள். கட்டுபவரில் பலர் தென் 24 பர்கானாவிலிருந்து புறநகர் ரயிலில் வரும் பெண்கள். மார்ச்சில் நின்ற அந்த ரயில்கள் மீண்டும் ஓடியது நவம்பர் 11இல், சதுர்த்தசிக்கு இரண்டே நாள் முன்பு. ஏழரை மாதம் அவர்கள் தங்கள் வீட்டில் 'முடங்கி' இருந்தார்களே, அதற்கு எத்தனை கருத்தரங்கு நடத்தினோம்? ஊதியமும் உதவித்தொகையும் வங்கிக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு வீடு சிறையாகத் தோன்றுகிறது. அவர்களுக்கோ வீட்டில் இருப்பதே பட்டினி.

நேற்றுக் காலை எங்கள் தெருமுனைக்குக் கீரைக்கட்டுகள் வந்தன. விற்ற மாஷி மாலை ரயிலில்தான் ஊர் திரும்புவதாகச் சொன்னார். உங்கள் வீட்டு விளக்கை யார் ஏற்றுவார் என்று கேட்டேன். மகள் ஏற்றிவிடுவாள், எண்ணெய் ஐந்து விளக்குக்குத்தான் இருக்கிறது என்றார்.