புடவை நூலை இழுக்கிற கால் நகம்

கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரம். கொசுவத்தை நீவிவிட்டு ஒரு எட்டு எடுத்து வைத்தேனோ இல்லையோ, 'சர்'ரென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால், வலது கால் கட்டைவிரல் நகத்து விரிசலில் பட்டு நூல் மாட்டிக்கொண்டு ஒரு சாண் நீளத்துக்கு இழுபட்டு நிற்கிறது! இரண்டே தடவைதான் கட்டிய புடவை. அன்றைக்கு மண்டபத்துச் சாப்பாடுகூட எனக்கு ருசிக்கவில்லை, போங்கள்.

வீட்டுக்கு வந்து விளக்கு வெளிச்சத்தில் காலை வைத்துப் பார்த்தபோது வெட்கமாகப் போயிற்று. முகத்துக்குப் பயத்த மாவு, கூந்தலுக்குச் செம்பருத்தி என்று இந்தப் பகுதியில் எத்தனை எழுதியிருக்கிறேன்! என் கால் நகத்தை நிதானமாகப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று எனக்கே நினைவில்லை. உங்களில் பலரும் என் கட்சிதான் என்று கடிதங்களிலிருந்து தெரிகிறது. குதிகால் வெடிப்பைப் பற்றி எழுதியிருந்தபோது, "கால் நகமும் பிளந்துகொள்கிறதே, கால்சியம் மாத்திரை சாப்பிடலாமா?" என்று நாலைந்து சகோதரிகள் கேட்டிருந்தார்கள்.

கால்சியத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். நகம் எலும்பு அல்ல. தலைமுடிக்குத்தான் அது உறவு. முடியும் நகமும் கெரட்டின் என்கிற ஒரே புரதத்தால் ஆனவை. நகத்தில் சுண்ணாம்புச் சத்து இருப்பது மிக மிகக் கொஞ்சம். நகத்துக்குக் கெட்டித்தன்மை தருவது அது இல்லை. பாலும் கேழ்வரகும் எலும்புக்கு வேண்டியவை, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் பிளந்த நகம் அதனால் ஒட்டிக்கொள்ளும் என்று காத்திருக்க வேண்டாம்.

அப்படியானால் ஏன் பிளக்கிறது? பெரும்பாலான வீடுகளில் காரணம் தண்ணீர்தான். சிரிக்காதீர்கள். காலையில் வாசல் தெளிப்பதிலிருந்து ராத்திரி சமையலறை கழுவிவிடுவது வரை ஒரு நாளில் உங்கள் கால் எத்தனை தடவை நனைகிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். கைக்குழந்தை இருக்கிற வீடென்றால் கேட்கவே வேண்டாம், அலசி முடிவதற்குள் அடுத்த துணி வந்துவிடும். துவைக்கிற கல்லடியில் சோப்புத் தூள் தண்ணீர் தேங்கி நிற்க, அதிலேயே அரை மணி நேரம் நிற்கிறோம். நகத்துக்குள் தண்ணீர் தோலைவிடச் சீக்கிரமாக ஊறிவிடும். ஊறினால் உப்பும். ஃபேன் காற்றில் உலர்ந்தால் சுருங்கும். மழைக்காலத்தில் மரக் கதவு சாத்த வராமல் உப்பிக்கொண்டு, கோடையில் சந்து விட்டுக்கொண்டு நிற்கிறதே, அதே கதைதான். கதவுக்கு அது வருஷத்துக்கு ஒரு தடவை. நம் நகத்துக்கோ தினம் பத்துத் தடவை! சோப்பு வேறு இருக்கிற எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடுகிறது. நகத்தின் அடுக்குகள் ஒன்றை விட்டு ஒன்று பிரிந்து, வெங்காயச் சருகு மாதிரி நுனியில் உரிய ஆரம்பிக்கும்.

இரண்டாவது காரணம், இடித்துக்கொள்வது. நிலைப்படி, கட்டில் கால், காஸ் சிலிண்டர், குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் என்று எதில்தான் நாம் இடித்துக்கொள்வதில்லை? முன்பக்கம் இறுக்கிப் பிடிக்கிற செருப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது, மெதுவாகச் செய்கிறது, அவ்வளவுதான். நகத்தின் வேரில் பலமாக அடிபட்டிருந்தால் புதிதாக வளர்கிற நகமும் கோடு விழுந்தே வரலாம். நெயில் பாலிஷ் பாவம், அது அவ்வளவு கெடுதல் இல்லை. அதை அழிக்க உபயோகிக்கிற அசிட்டோன் கலந்த ரிமூவர்தான் நகத்தை உலர்த்திவிடும். பத்து நாளைக்கு ஒரு தடவை என்றால் சரி. புடவைக்குப் புடவை நிறம் மாற்றுகிற பெண்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வயதானவர்களின் நகத்தில் நெடுக்காக வரி வரியாகத் தெரிவது வயதின் கோலம். அதற்கு வைத்தியம் தேவையில்லை.

இனி வீட்டுச் சிகிச்சை. ராத்திரி எல்லா வேலையும் முடிந்த பிறகு, இனிமேல் கால் நனையாது என்கிற நேரத்தில், ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து ஐந்து நிமிஷம் காலை வையுங்கள். சோப்பு, ஷாம்பு, உப்பு எதுவும் வேண்டாம். "தண்ணீர்தான் எதிரி என்று சொல்லிவிட்டு இப்போது ஊற வைக்கச் சொல்கிறாளே!" என்று நினைப்பீர்கள். ஊறிய ஈரம் ஓடிப் போகாமல் உடனே எண்ணெயால் மூடிவிடப் போகிறோம், அதுதான் வித்தியாசம். பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்து, விரலிடுக்கை நன்றாக உலர்த்துங்கள். மெட்டியை நகர்த்தி அதன் அடியிலும் துடையுங்கள். பிறகு தேங்காய் எண்ணெயோ வாசலினோ, எது கைவசம் இருக்கிறதோ அதை, நகத்தின் மேலும் சுற்றுச் சதையிலும் நுனிக்கு அடியிலும் தேய்த்துவிடுங்கள். விரலிடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம், அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். எண்ணெய்க் காலோடு மொசைக் தரையில் நடந்து விழுந்து வைக்காதீர்கள். பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு படுத்துவிடுவது நல்லது.

நகம் வெட்டுவதைக் குளித்த பிறகு, மெத்தென்று இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். நெயில் கட்டரால் கொஞ்சம் கொஞ்சமாக, நேராக வெட்டுங்கள். அழகாக இருக்கட்டும் என்று ஓரங்களை உள்ளே வளைத்து வெட்டினால், அந்த மூலை பிறகு சதைக்குள் குத்திக்கொண்டு வளரும். வெட்டிய பிறகு அரத்தால் ஒரே பக்கமாக இழுத்துத் தேயுங்கள். முன்னும் பின்னுமாக அறுத்தால் அடுக்கு பிரியும். விரிசல் உள்ளே வரை போயிருந்தால் ஆட்டம் கொடுக்கிற நுனியை மட்டும் எடுத்துவிட்டு, மீதிக்குக் காகிதப் பிளாஸ்திரியை ஒரு சுற்றுச் சுற்றி வையுங்கள். புடவையிலும் போர்வையிலும் மாட்டாமல் நகம் தானே வளர்ந்து வெளியே வரட்டும். பிளாஸ்திரி நனைந்தால் மாற்றிவிட வேண்டும். துணி துவைக்கும்போது மூடிய ரப்பர் செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தார் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டு, "ஒன்றும் பிரயோஜனமில்லை" என்று எழுதாதீர்கள். கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். கால் நகமோ அதில் பாதிதான். கால் கட்டைவிரல் நகம் முழுசாகப் புதிதாக வர 12 முதல் 18 மாதம் வரை ஆகும். ஆரோக்கியமான நகத்தைப் பார்க்கப் பொறுமைதான் வேண்டும். இந்த அவசரத்தில்தான் சிலர் பயோட்டின் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டுக்கும் மாரடைப்புக்கும் எடுக்கிற சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவையே அது தப்பாகக் காட்டிவிடும். 2017-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரிக்கையே வெளியிட்டது. சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கப் போகும்போது டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எண்ணெய்க்கு மசியாத நகங்களும் உண்டு. நகம் மஞ்சளாகித் தடித்து, உளுத்த மரம் மாதிரி பொடிப்பொடியாக உதிர்கிறதா? காளான் தொற்றாக இருக்கலாம். விரலிடுக்குச் சேற்றுப்புண்ணைக் கவனிக்காமல் விட்டால் அதிலிருந்தும் நகத்துக்குப் பரவும். மேலே எதைத் தடவினாலும் தடித்த நகத்தைத் தாண்டி அடியில் போய்ச் சேருவது கஷ்டம். டாக்டர் நகத்தைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகு, வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவர்களும் தங்கள் நிலைமையைச் சொல்லாமல் அந்த மாத்திரையைத் தொடக் கூடாது. அந்த வீட்டில் ஆளுக்கொரு நெயில் கட்டர், ஆளுக்கொரு துண்டு. சோரியாசிஸிலும் நகம் இப்படித் தடித்து உதிரும், அதனால் நாமே முடிவு கட்டுவது சரியில்லை. நகம் கரண்டி மாதிரி குழிந்து, கூடவே களைப்பும் மூச்சு வாங்குவதும் இருந்தால் இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம்; பிள்ளை பெற்றவர்கள் இதை அலட்சியப்படுத்தாதீர்கள். தைராய்டு குறைந்தாலும் நகம் உலர்ந்து நொறுங்கும். அடிபடாமலேயே வேரிலிருந்து கறுப்புக் கோடு ஒன்று புதிதாக இறங்கி, நாளுக்கு நாள் அகலமானால் உடனே தோல் டாக்டரிடம் காட்டுங்கள். அடிபட்ட ரத்தக்கட்டு நகத்தோடு நகர்ந்து வெளியே போய்விடும். அந்தக் கோடு அப்படிப் போகாது.

இதெல்லாம் எனக்கு இவ்வளவு தெரிந்திருப்பதற்குக் காரணம் என் மாமியார். 2018 ஐப்பசி மழையில் அத்தையின் கட்டைவிரல் நகம் ஓரமாகப் பிளந்து போர்வையில் மாட்டிக்கொண்டே இருந்தது. அத்தைக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. "ஏம்மா, அந்த ஜன்னல் கம்பியிலே பிளேடு சொருகியிருக்கும், எடுத்துக் குடு" என்றார். எடுத்துக் கொடுத்தவள் நான்தான். தீபாவளி வேலையில், எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. பிளேடால் நோண்டி மூலையை எடுத்திருக்கிறார். இரண்டு நாளில் விரல் சிவந்தது. நகச்சுத்தி என்று நினைத்து, எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு மஞ்சள் வைத்து, கட்டைவிரலில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு மூன்று ராத்திரி தூங்கினார். கை விரலுக்குப் பாட்டிமார் காலத்திலிருந்து செய்கிற வைத்தியம்தானே என்று நானும் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

நாலாம் நாள் என் பெண், "பாட்டி கிட்ட ஒரு மாதிரி வாடை வருதும்மா" என்றாள். பழத்தை எடுத்துப் பார்த்தால், தோல் ஊறி வெளுத்து, நகத்தடியில் சீழ். "அத்தை, வலிக்கலையா?" என்று கேட்டேன். "இல்லையே, குறைஞ்சிடுச்சுன்னுதான் நினைச்சேன்" என்றார். வலிக்காததுதான் விபரீதம். நாள்பட்ட சர்க்கரையில் கால் நரம்பு மரத்துப் போகும், ரத்த ஓட்டமும் குறையும். பிளேடு வெட்டியதும் தெரியாது, புளிப்புச் சாறு புண்ணை அரிப்பதும் தெரியாது. டாக்டர் நகத்தில் பாதியை எடுத்தார். தினமும் கட்டுப் போடக் கூட்டிக்கொண்டு போனோம். புண் ஆற ஆறு வாரம் ஆயிற்று. "இன்னும் நாலு நாள் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும்" என்று அவர் சொன்னது அத்தைக்குத் தெரியாது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

சர்க்கரை உள்ளவர்களுக்கு நான் மேலே சொன்ன வெந்நீர்ச் சிகிச்சைகூட வேண்டாம். சூடு தெரியாமல் வெந்துவிடும். எண்ணெய் பூசுவது போதும். பிளேடு, ஊசி, எலுமிச்சை, சுண்ணாம்பு எதுவும் காலுக்குப் பக்கத்தில் வரக் கூடாது. நகத்தைக் கண் நன்றாகத் தெரிகிற வேறொருவர் வெட்டிவிட வேண்டும். நகம் பிளந்து சதை சிவந்தாலோ, நீர் கசிந்தாலோ, வலி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் அன்றைக்கே டாக்டர்.

அத்தைக்குப் புது நகம் முழுசாக வந்து சேர்ந்தது 2020 பொங்கலுக்குத்தான். இப்போது நகம் வெட்டுவது என் பொறுப்பு. வெள்ளிக்கிழமையும் கூடாது, விளக்கு வைத்த பிறகும் கூடாது என்பார். இருட்டில் வெட்டக் கூடாது என்பது எனக்கும் சம்மதமே. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் திண்ணையில் உட்கார்த்தி வைத்து வெட்டுகிறேன். ராத்திரியில் டார்ச் அடித்துப் பாதத்தைப் பார்ப்பதும் உண்டு. முதலில், "மருமக காலைத் தொடறதாவது" என்று இழுத்து இழுத்து மூடிக்கொள்வார். இப்போது நான் மறந்தாலும் அவரே காலை நீட்டிவிடுகிறார். "ஏம்மா, அந்த டார்ச்சைக் கொண்டா. நேத்து இடது கால் சுண்டுவிரலை நீ சரியாப் பார்க்கலை."