நெகட்டிவ் கவருக்கு ஒரு நன்றி

டிசம்பர் வந்தால், அந்த ஆண்டு எடுத்த போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பிரித்து அடுக்குவது என் வழக்கம். வேலை சாஃப்ட்வேர், விடுமுறை நாளில் கேமராதான் துணை.

அப்பா 36 படம் உள்ள பிலிம் ரோலை எண்ணி எண்ணிச் செலவழிப்பார். நான் ஒரே கல்யாணத்தில் ஆயிரம் படம் எடுக்கிறேன். 1975-ல் கோடக் நிறுவனத்தில் டிஜிட்டல் கேமராவை உருவாக்கிய ஸ்டீவ் சாஸனுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அதில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கேசட்டில் பதிய 23 விநாடி ஆனது!

ஆனால் இந்த ஆண்டு என் ஹார்ட் டிஸ்க் பழுதாகி, நான்கு வருடக் கல்லூரிப் படங்கள் மொத்தமும் போய்விட்டன. அப்பா எடுத்த என் குழந்தைப் பருவப் படங்களோ பீரோவில் நெகட்டிவ் கவருக்குள் பத்திரமாக இருக்கின்றன.

டிஜிட்டல்மேல் குறை சொல்ல மாட்டேன். நெகட்டிவ் ஒன்றே ஒன்றுதான். டிஜிட்டல் படத்தையோ தரம் குறையாமல் எத்தனை காப்பி வேண்டுமானாலும் எடுக்கலாம். அந்த வசதியைப் பயன்படுத்தாதது என் தவறு.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்களா? ஆண்டு முடிவதற்குள் உங்கள் படங்களை எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றிலும், இணையச் சேமிப்பகத்திலும் காப்பி செய்யுங்கள். நாலைந்து படங்களைத் திறந்தும் பாருங்கள். அப்பாவின் பீரோ செய்த வேலையை இனி நாம்தான் செய்ய வேண்டும்.